எம்.எஸ்சி நர்சிங் ஆய்வேடு: "தொந்தரவில்லாத" முதியவரை ஆராய வழி உண்டா?

மூன்றாம்வார்டு (கேள்வி)

வணக்கம். தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் 14 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். அதில் 9 ஆண்டுகள் ஆண்கள் மருத்துவ வார்டில். இப்போது எம்.எஸ்சி நர்சிங், மெடிக்கல் சர்ஜிக்கல் பிரிவில் படிக்கிறேன். முதலாம் ஆண்டு முடியப் போகிறது. ஆய்வேட்டுத் தலைப்பைக் கொடுக்க 12 நாள்தான் பாக்கி.

என் வழிகாட்டி சொல்லும் தலைப்பு இது: "முதியோர் இல்லத்தில் வசிப்போரிடையே, கீழே விழுதலைத் தடுப்பது பற்றிய அறிவின்மீது காணொளி வழிக் கற்பித்தலின் செயல்திறன்." 60 பேர் வேண்டும். முதல் நாள் வினாத்தாள், பிறகு 20 நிமிடக் காணொளி, ஏழாம் நாள் அதே வினாத்தாள். நான்கு வாரத்தில் வேலை முடிந்துவிடும். கல்லூரி நூலகத்தின் இரும்பு அலமாரியில் இதே ஆய்வு, இல்லத்தின் ஊரை மட்டும் மாற்றி, ஐந்து இருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எனக்கு இதில் மனம் ஒட்டவில்லை. காரணம் ஒரு தாத்தா.

78 வயது, குழித்தறி நெசவாளர். நிமோனியாவுக்காகச் சேர்ந்தார். அடையாளம் தெரியாமலிருக்க ஓரிரு விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரண்டாம் நாள் இரவு உடம்பெல்லாம் அரிப்பு என்றார். அவில் (ஒவ்வாமைக்கான மருந்து) ஊசி போட்டோம். மறுநாள் காலை நல்ல தூக்கம். மதியமும் தூக்கம். டூட்டி மாறும்போது "12ஆம் படுக்கை, தொந்தரவில்லை" என்று சொல்லி ஒப்படைத்தார்கள். நானும் அப்படியே வாங்கிக்கொண்டேன். எதிர்ப்படுக்கையில் ஒருவர் டிரிப் ஊசியைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார். வார்டில் 46 பேர், செவிலியர் இருவர். கண் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும்.

மாலை 5 மணிக்கு அவருடைய மருமகள் மேசைக்கு வந்து நின்றார். "சிஸ்டர், மாமா காலை மிதிக்கவில்லை" என்றார். எனக்குப் புரியவில்லை. அறுபது வருடம் தறி மிதித்த கால். தூங்கும்போதும் வலது பாதம் மேலும் கீழுமாக அசைந்துகொண்டே இருக்குமாம். நேற்று இரவிலிருந்து அசையவில்லை என்றார். பக்கவாதமோ என்று பதறிப் போய்ப் பார்த்தேன். கை கால்களில் பலவீனம் இல்லை. கூப்பிட்டால் கண் திறக்கிறார், பார்க்கிறார், உடனே எங்கேயோ போய்விடுகிறார். காய்ச்சல் இல்லை, நாடி சரி. டயப்பர் ஈரமாக இருந்ததால் சிறுநீர் போகிறது என்றே இரண்டு ஷிஃப்டும் எழுதியிருந்தோம். அடிவயிற்றில் கை வைத்தேன், தேங்காய் மாதிரி இருந்தது. பயிற்சி மருத்துவர் கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போட்டதும் 1,100 மில்லி வந்தது. டயப்பரை நனைத்ததெல்லாம் நிரம்பி வழிந்த மிச்சம்.

மறுநாள் சாயங்காலம் காப்பி கேட்டார். பாதமும் அசையத் தொடங்கியது.

அது டெலிரியம் (உடம்பு சரியில்லாதபோது திடீரென வரும் மனத்தடுமாற்றம்), அதிலும் சத்தமில்லாத வகை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். டெலிரியம் என்றால் கத்துவார்கள், கட்டிலை விட்டு இறங்குவார்கள் என்றுதான் 14 வருடமாக நினைத்திருந்தேன். அசந்து கிடப்பதும் அதுதான் என்று யாரும் சொல்லித் தரவில்லை. டிப்ளமோவில் முதியோர் பராமரிப்பு எங்களுக்குச் சில பக்கங்கள். தேர்வில் வந்தால் ஐந்து மதிப்பெண்.

என் கேள்விகள். இந்தச் சத்தமில்லாத டெலிரியத்தைச் செவிலியர்கள் ஏன் தவறவிடுகிறோம் என்பதை ஓர் எம்.எஸ்சி ஆய்வாகச் செய்ய முடியுமா? பள்ளிக்கூடம் போகாத முதியவரிடம் எந்த அளவுகோலைப் பயன்படுத்துவது? படித்து முடித்தபின் முதியோர் செவிலியத்துக்கான ஓராண்டு டிப்ளமோவும் சேர்ந்தால் பயன் உண்டா?

பழையடீச்சர் (பதில்)

அன்புள்ள சிஸ்டர், நான் 31 ஆண்டுகள் நர்சிங் கல்லூரிகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். நீங்கள் இரும்பு அலமாரியில் பார்த்தீர்களே, அந்த மாதிரி ஆய்வேடுகளில் நாற்பதுக்கு மேல் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆகவே நான் சொல்வதைக் குற்றவாளியின் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வகை ஆய்வில் மதிப்பெண் கண்டிப்பாக ஏறும். ஒரு வாரத்துக்கு முன் விடையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டால் ஏறாமல் என்ன செய்யும்? எந்தப் பாட்டி அதற்குப்பின் குளியலறையில் விழாமல் இருந்தார் என்று நாங்கள் ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை. கல்லூரிக்குக் காலக்கெடு, மாணவிக்குப் பட்டம், எனக்கு அடுத்த ஆண்டு இன்னும் நால்வர். இப்படித்தான் ஓடியது.

உங்கள் வழிகாட்டியிடம் சண்டைக்குப் போக வேண்டாம். இரண்டு முன்னோடிகளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

முதலாவது டோரீன் நார்ட்டன். இங்கிலாந்துச் செவிலியர். 1962இல் மக்லாரன், எக்ஸ்டன்-ஸ்மித் இருவரோடும் சேர்ந்து, மருத்துவமனையில் முதியோர் செவிலியத்தின் சிக்கல்களைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார். படுக்கைப் புண்ணுக்கு எதைத் தடவுவது என்று ஆளுக்கொரு களிம்பு சொல்லிக்கொண்டிருந்த காலம். தடவுவதில் ஒன்றுமில்லை, நேரத்துக்குத் திருப்பிப் படுக்கவைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அந்த வேலை காட்டியது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, கழிவுக் கட்டுப்பாடு என ஐந்து தலைப்பில் 20 மதிப்பெண். 14 அல்லது அதற்குக் கீழே போனால் புண் வரக்கூடும் என்ற நார்ட்டன் அளவுகோல் அங்கே பிறந்ததுதான். அது தேர்வுக் கேள்வியாக நமக்குத் தெரியும். ஒரு செவிலியர் வார்டில் நின்று கண்ணால் பார்த்து எழுதியதிலிருந்து வந்தது என்பது தெரியாது. (அதற்குப்பின் கால் நூற்றாண்டு கழித்தும் நான் முதுகில் ஸ்பிரிட் தடவிப் பவுடர் போடத்தான் கற்றுக்கொடுத்தேன். அதையும் வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

இரண்டாவது உங்கள் கேள்வியேதான். ஷேரன் இனோயே என்ற அமெரிக்க மருத்துவரும் குழுவினரும் 2001இல் வெளியிட்டது. 70 வயது தாண்டிய 797 நோயாளிகளைப் பயிற்சி பெற்ற ஆய்வாளர்களும் பார்த்தார்கள், வார்டுச் செவிலியர்களும் பார்த்தார்கள். ஆய்வாளர் டெலிரியம் என்று கண்ட நோயாளிகளில் 31 சதவீதத்தினரைத்தான் செவிலியர்களும் கண்டுபிடித்திருந்தார்கள். எவரைத் தவறவிட்டார்கள் தெரியுமா? அசந்து கிடந்தவர்கள், 80 தாண்டியவர்கள், பார்வை குறைந்தவர்கள், ஏற்கெனவே மறதி நோய் உள்ளவர்கள். உங்கள் 12ஆம் படுக்கைக்காரருக்கு இந்த நான்கில் எத்தனை பொருந்தும் என்று பாருங்கள். அமெரிக்கச் செவிலியரும் தவறவிட்டார். ஆகவே இதை உங்கள் தனிப்பட்ட குற்றமாகச் சுமக்காதீர்கள்.

இப்போது உங்கள் ஆய்வு. "ஏன் தவறவிடுகிறோம்" என்பது பெரிய கேள்வி, எம்.எஸ்சி அதைத் தாங்காது. ஆனால் உங்கள் கதைக்குள்ளேயே சின்னக் கேள்வி ஒன்று இருக்கிறது, நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. கண்டுபிடித்தது யார்? மருமகள். டெலிரியத்தைக் கண்டறிய ஒற்றைக் கேள்வி முறை ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் சாண்ட்ஸ் குழுவினர் 2010இல் வெளியிட்டார்கள். உறவினரிடம், "இவர் அண்மையில் வழக்கத்தைவிடத் தடுமாற்றமாக இருப்பதாக நினைக்கிறீர்களா?" என்ற ஒன்றை மட்டும் கேட்பது. நம் வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்குக் கீழும் பாய் விரித்து ஒரு துணையாள் படுத்திருக்கிறார். இதைவிடப் பொருத்தமான இடம் அந்தக் கேள்விக்குக் கிடைக்காது.

தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில், 65 தாண்டிய ஒவ்வொருவரின் துணையாளிடமும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். அவர் சொன்ன பதில் தெரியாத ஒரு மனநல மருத்துவர் இரண்டு மணி நேரத்துக்குள் அதே நோயாளியைப் பார்க்கட்டும். டெலிரியம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்றாக மாறும். இடைவெளி நீண்டால் இரண்டும் ஒத்துப்போகாது. மூன்றாவதாக, அந்த ஷிஃப்டின் செவிலியர் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே நகல் எடுங்கள். "தொந்தரவில்லை" என்ற சொல் எத்தனை பேரின்மீது எழுதப்பட்டிருந்தது, அவர்களில் எத்தனை பேருக்கு டெலிரியம் என்று எண்ணினாலே போதும். எத்தனை பேர் வேண்டும் என்பதைப் புள்ளியியல் ஆசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள், 60 என்று குத்துமதிப்பாகப் போடாதீர்கள்.

நெறிமுறைக் குழு இரண்டு விஷயம் கேட்கும். தடுமாற்றத்தில் இருப்பவரிடம் சம்மதம் எப்படி வாங்குவாய்? உறவினரிடம் வாங்க வேண்டும், தெளிந்தபின் அவரிடமும் சொல்ல வேண்டும். கண்டுபிடித்தபின் என்ன செய்வாய்? அன்றே டூட்டி மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். எழுதி வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கும் ஆய்வுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

ஆரல்வாய்க்காற்று (பதில்)

அக்கா, நான் நாகர்கோவில் பக்கத்துக்காரன். ஆறு வருடமாக லண்டனில் முதியோர் வார்டில் செவிலியர். டீச்சர் சொன்னதோடு இங்கே நடப்பதையும் சொல்கிறேன்.

டெலிரியத்தைக் கண்டறிய நாங்கள் பயன்படுத்துவது 4ஏடி என்ற அளவுகோல். எடின்பரோவில் மக்லூலிக் குழு உருவாக்கி 2011இல் வெளியிட்டது. காசு கட்ட வேண்டாம், பெரிய பயிற்சியும் வேண்டாம், இரண்டு நிமிடத்தில் முடியும். ஆள் எவ்வளவு விழிப்பாக இருக்கிறார். வயது, பிறந்த தேதி, இந்த இடம், இந்த வருடம் சொல்கிறாரா. மாதங்களைப் பின்னாலிருந்து சொல்ல முடிகிறதா. திடீர் மாற்றம் உண்டா. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் டெலிரியமாக இருக்கலாம். எங்கள் வார்டில் அட்மிஷன் அன்றே போட்டாக வேண்டும். போதாதற்கு, 2017 டிசம்பரில் வந்த நியூஸ்-2 என்ற, நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும் மதிப்பெண் பட்டியலில், புதிதாகத் தடுமாற்றம் வந்தால் அதற்கு மட்டுமே 3 மதிப்பெண். நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த மூன்றுக்காக மருத்துவரை அழைக்க வேண்டும். உங்கள் நெசவுத் தாத்தா இங்கே இருந்திருந்தால் அந்த 3 அவருக்கு விழுந்திருக்கும். விழுந்திருக்க வேண்டும் என்று சொல்வது சரி. அவசர நாளில் "தடுமாற்றம் இல்லை" என்று கட்டத்தை நிரப்பிவிட்டுப் போகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள்.

ஆனால் 4ஏடியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் நம் ஊர் முதியவரிடம் வைக்க முடியாது. என் அப்பத்தாவுக்குப் பிறந்த தேதி தெரியாது. ஆதாரில் ஜூலை 1 என்று யாரோ போட்டுவிட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருந்தார், 84 வயது. ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். டிசம்பர், நவம்பர் என்று பின்னோக்கிச் சொல்லச் சொன்னார்கள், இரண்டோடு நின்றுவிட்டார். கவனம் இல்லை என்று எழுதியாகிவிட்டது. நான் இரவு டூட்டிக்கு வந்து, "அம்மா, பங்குனியிலிருந்து பின்னால் சொல்லுங்கள் பார்ப்போம்" என்றேன். பங்குனி, மாசி, தை, மார்கழி, கார்த்திகை என்று ஒரே மூச்சில் சித்திரைவரை வந்துவிட்டு, "தம்பி, இனி நான் படுக்கலாமோ?" என்று கேட்டார். அவருக்குக் கவனம் இருந்தது. எங்களிடம்தான் தமிழ் இல்லை.

இன்னொன்று. இங்கே உறவினர் வார்டில் தங்கும் வழக்கம் இல்லை; பார்வையாளர் நேரம் முடிந்தால் போய்விட வேண்டும். மறதி நோயுள்ளவர்களின் குடும்பத்தாரை உடன் இருக்க விடுங்கள் என்று 2014இல் ஜான்ஸ் கேம்பெய்ன் என்ற இயக்கமே தொடங்க வேண்டியிருந்தது. பராமரித்தவர் அருகில் இல்லாததால் மருத்துவமனையில் தன் அப்பா உருக்குலைந்து போனதைப் பார்த்த மகள் தொடங்கியது. நம் ஊரில் துணையாள் தாமாகவே இருக்கிறார். ரவுண்ட்ஸ் வரும்போது மணியடித்து அவரைத்தான் முதலில் வெளியே அனுப்புகிறோம்.

பத்தொன்பதுநாள் (பதில்)

நான் மருத்துவத் துறை இல்லை. அப்பாவோடு மருத்துவமனையில் 19 நாள் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தவன். இந்த விவாதம் தற்செயலாகக் கண்ணில் பட்டது.

அந்த 19 நாளில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்: ஆதார் இருக்கிறதா, காப்பீட்டு அட்டை இருக்கிறதா, இரத்தம் கொடுக்க ஆள் இருக்கிறதா, வெளியே போய் ஸ்கேன் எடுத்து வர முடியுமா. "உங்கள் அப்பா எப்போதும் இப்படித்தான் இருப்பாரா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொன்னேன். "வயதானால் அப்படித்தான் சார்" என்றார்கள். சொன்னவர் கெட்டவர் இல்லை, மூன்று பேர் வேலையை ஒருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் அந்த ஒரு வாக்கியம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சிஸ்டருக்கு ஒரே ஆலோசனை. கேள்வியில் "குழப்பம்" என்ற சொல்லைப் போடாதீர்கள். வீட்டில் சொத்துத் தகராறா என்று கேட்பதாக நினைப்பார்கள். "புத்தி" என்றும் சொல்லாதீர்கள். எங்கள் ஆளைப் பைத்தியம் என்கிறாயா என்று கோபம் வரும். ஆள் மாறித் தெரிகிறாரா என்று கேளுங்கள். அது போதும்.

தாழம்பூமேடு (பதில்)

நான் ஒரு தனியார் கல்லூரியில் ட்யூட்டர். ஓராண்டு டிப்ளமோ பற்றி நீங்கள் கேட்டதை யாரும் தொடவில்லை, அதனால் வருகிறேன்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் முதியோர் செவிலியத்துக்கு அந்தப் படிப்பு இருக்கிறது. பதிவு பெற்ற செவிலியர் சேரலாம். அறிவுக்காக என்றால் சேருங்கள். பதவிக்காக என்றால் யோசியுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அதை முடித்துவிட்டு வந்தார். அவரைப் பிரசவ வார்டில் போட்டார்கள். மருத்துவர்களுக்குப் பாருங்கள்: சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978இலேயே முதியோருக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. வந்துவிட்டது, 2024இல் கிண்டியில் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தாயிற்று. கூடவே நிற்கும் செவிலியருக்கு எம்.எஸ்சியில் குழந்தைக்குத் தனிப்பிரிவு உண்டு, மகப்பேற்றுக்கு உண்டு, மனநலத்துக்கு உண்டு, சமூக நலத்துக்கு உண்டு. முதியவர் மட்டும் மெடிக்கல் சர்ஜிக்கலுக்குள் ஒரு அலகாக ஒண்டிக் குடித்தனம். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு 60 வயது தாண்டியிருந்தது.

பழையடீச்சர் ஆய்வேட்டைக் குறை சொல்கிறார். எனக்கு அதைவிடக் கோபம் கற்பிக்கும் விதத்தில். மாணவிகள் இரத்த அழுத்தம் பார்த்துப் பழகுவது ஒருவர் கையில் ஒருவர், எல்லாம் 19 வயதுக் கை. முதியோரைப் படிக்க என்று ஒரு நாள் முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போகிறோம். பாட்டுப் பாடி, பிஸ்கட் கொடுத்து, குழுவாகப் படம் எடுத்து, அறிக்கை எழுதி முடிகிறது. ஒரு பாட்டியைப் படுக்கவைத்து அழுத்தம் பார்த்து, எழுப்பி நிறுத்தி ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. மேல் எண் 20 இறங்கினால் அவர் பாத்ரூமுக்குப் போகும் வழியில் விழக்கூடும் என்று பொருள். காணொளி எடுப்பதைவிட இது சுலபம்.

நான் ஒன்று செய்கிறேன், செலவில்லாதது. மாணவிக்குப் பழைய கண்ணாடியில் வாஸலின் தடவிப் போட்டுவிடுவேன், காதில் பஞ்சு, கையில் இரண்டு ஜோடிக் கையுறை, செருப்புக்குள் கொஞ்சம் பட்டாணி. ஐந்து மாத்திரை அட்டையும் ஒரு மருந்துச் சீட்டும் கொடுத்து, "இரவு மாத்திரையை எடுத்துக்கொள்" என்பேன். மாத்திரைக்குப் பதில் மிட்டாய்தான். போன வருடம் நன்றாகப் படிக்கும் பெண் ஒருத்தி, பத்து நிமிடம் போராடி, இரத்த அழுத்த மாத்திரையை இரண்டு முறை எடுத்து, சர்க்கரை மாத்திரையை விட்டுவிட்டு, "மேடம், எங்கள் தாத்தா சொன்ன பேச்சு கேட்கமாட்டார் என்று அம்மா திட்டுவார்கள்" என்று அழுதாள். இதையும் யாராவது ஆய்வாகச் செய்யுங்கள். அழுததை வைத்து இல்லை; ஆறு மாதம் கழித்து வார்டில் அவள் மாத்திரையை வாயருகே கொண்டுபோய்க் கொடுக்கிறாளா, படுக்கைப் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போகிறாளா என்பதை வைத்து.

பழையடீச்சர் (பதில்)

தாழம்பூமேடு, கோபம் நியாயம். ஆனால் ஒரு நாள் முதியோர் இல்லத்தை ஒழித்துவிடாதீர்கள். அங்கே பாட்டை நிறுத்திவிட்டு அழுத்தம் பாருங்கள், அதே பஸ் செலவுதான்.

சிஸ்டர், கண்டுபிடிப்பதோடு நிற்காமல் தடுப்பதற்கும் செவிலியர் வேலைதான் மருந்து என்பதற்கு ஆதாரம் கேட்டால், அதே இனோயேயின் 1999 ஆய்வைக் காட்டுங்கள். அமெரிக்காவின் யேல் மருத்துவமனையில் 70 தாண்டிய 852 பேர். ஒரு சாராருக்கு வழக்கமான கவனிப்பு. மறு சாராரை அடிக்கடி பேர் சொல்லி, நாள் சொல்லிப் பேசினார்கள், நடக்கவைத்தார்கள், கண்ணாடியும் காதுக் கருவியும் எடுத்துக் கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், தூக்க மாத்திரைக்குப் பதில் சூடாகக் குடிக்கக் கொடுத்து முதுகைத் தடவிவிட்டார்கள். டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9க்கு இறங்கியது. நம் வார்டில் இதில் பாதியைத் துணையாள் சொல்லாமலேயே செய்கிறார். மீதிப் பாதியைச் சொல்லிக்கொடுக்கத்தான் செவிலியர் வேண்டும்.

நினைவு, கவனம் முதலியவற்றைப் பார்க்கும் பழைய மனநிலைச் சோதனைத்தாளை (எம்.எம்.எஸ்.இ) தமிழாக்கிப் பயன்படுத்த நினைத்தால், ஹரியானாவின் பல்லப்கரில் கங்குலி குழு 1995இல் இந்தியில் செய்ததைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். எழுத்தறியாதவருக்காகக் கழித்தல் கணக்கை எடுத்துவிட்டு, வாரநாள்களைப் பின்னோக்கிச் சொல்லவைத்தார்கள். ஆங்கிலத்தில் நாக்குக்குச் சோதனையாக இருந்த வாக்கியத்தை "இதுவும் இல்லை, அதுவும் இல்லை" என்பதுபோல மாற்றினார்கள். மொழிபெயர்ப்பு என்பது அகராதி வேலை இல்லை என்பதற்கு அது நல்ல பாடம்.

மூன்றாம்வார்டு (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன்.

797 பேர் ஆய்வை அச்செடுத்து வழிகாட்டியிடம் கொண்டுபோனேன். முழுதும் படித்தார். "நல்லதுதான், ஆனால் இதை யார் தினமும் உட்கார்ந்து பார்ப்பது?" என்றார். "நான்தான் மேடம், எப்படியும் அந்த வார்டில்தானே இருக்கிறேன்" என்றேன். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, தன் எம்.எஸ்சி காலத்தில் தானும் வேறொரு தலைப்புதான் கேட்டதாகவும் அது நடக்கவில்லை என்றும் சொன்னார். மனநல மருத்துவர் வாரத்தில் மூன்று நாள் காலை 10 முதல் 12 வரை வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். தலைப்பு கொடுத்தாயிற்று. நெறிமுறைக் குழு அடுத்த மாதம்.

கேள்வியின் வாசகத்துக்காக, ஆய்வில் சேராதவர்களாகப் பார்த்து, புறநோயாளிப் பிரிவில் முதியவரோடு வந்த பதினைந்து பேரிடம் நான்கு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். பத்தொன்பதுநாள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. "குழப்பம்" என்றதும் ஒரு பெண்மணி, "எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை சிஸ்டர், நாத்தனார்கூட நல்ல மாதிரி" என்றார். "தடுமாற்றம்" என்றால் நடை தள்ளாடுவதைச் சொல்கிறார்கள். "நேற்றைக்கும் இன்றைக்கும் ஆள் மாறித் தெரிகிறாரா?" என்பதற்குத்தான் யோசித்துப் பதில் வந்தது. ஆனால் "மெலிந்துவிட்டார்" என்றும் இருவர் சொன்னார்கள். ஆகவே "பேச்சிலோ பார்வையிலோ நடத்தையிலோ" என்று முன்னால் சேர்த்திருக்கிறேன். நீளமாகிவிட்டது, வேறு வழி தெரியவில்லை.

நெசவுத் தாத்தாவும் அன்று மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். அந்த ஒன்றரை நாள் பற்றி ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். மின்விசிறியிலிருந்து இழை இழையாக நூல் தொங்கியதாம்; நடுவில் ஒன்று அறுந்து கிடந்ததாம். எத்தனையோ பேர் அந்தப் பக்கம் போனார்கள், ஒருவரும் அதைப் பிணைக்கவில்லை என்றார். இன்னும் அந்த எரிச்சல் குரலில் இருந்தது. நாங்கள் "தொந்தரவில்லை" என்று எழுதிய நேரம் அது.

ஒரு சந்தேகம் பாக்கி. எங்கள் வார்டில் பகலில் மருமகள் இருப்பார், இரவில் மகன் வருவார், ஞாயிற்றுக்கிழமை பேரன். கேள்வியை யாரிடம் கேட்பது?

பழையடீச்சர் (பதில்)

கேட்கிற நேரத்தில் அருகில் இருப்பவரிடம். ஆனால் படிவத்தில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: முந்தின நாள் இவரைப் பார்த்தாரா, எத்தனை மணி நேரம் கூட இருந்தார். வாரம் ஒருமுறை வரும் பேரன் "நன்றாகத்தான் இருக்கிறார்" என்பான்; அவன் பதிலைத் தனியாக எண்ணுங்கள்.